பதினான்காம் லாக்கரின் பெட்டி

2016 அக்டோபர் 15, சனிக்கிழமை, மதியம் 2.10.

லூதர் பெட்டிஸ் சாவியைத் திருப்பினார். சுருட்டுக் கடையின் பதினான்காம் எண் லாக்கரின் கம்பிவலைக் கதவு சிரமமில்லாமல் திறந்தது. மேல்தட்டில் அவர் வாராவாரம் எடுத்துப் பிடிக்கும் சில்லறைச் சுருட்டுகள் இரண்டு கட்டு, அப்படியே இருந்தன. கீழ்த்தட்டில் ஒன்றுமில்லை. வெளிறிய மரத்தில் ஒரு நீள்சதுரத் தடம் மட்டும்.

பதிமூன்று வருடமாக அந்த இடத்தில் சீல் உடைக்காத ஒரு பெட்டி இருந்தது. பால்மா ரியால் ரகம், இருபத்தைந்து கியூபா சுருட்டு.

அவர் சத்தம் போடவில்லை. கைத்தடியை லாக்கர் மேல் சாய்த்துவிட்டு அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். அப்புறம்தான், "நெவேனா, போலீஸைக் கூப்பிடும்மா" என்றார்.

2.40.

கனடாவின் விண்ட்சர் நகரக் காவல் சார்ஜன்ட் கொலெட் மெலோஷ், சிகரெட்டை விட்டுப் பத்தொன்பதாவது நாள். ஒரு பெட்டிச் சுருட்டுக்கு சார்ஜன்ட் போக வேண்டியதில்லை. ஆனால் ஸ்டேஷனில் உட்கார்ந்தால் கால் ஆடியது, பேனா மூடி கடிபட்டது, சக போலீஸ்காரர்கள் அவள் மேசைப் பக்கம் வருவதை நிறுத்தியிருந்தார்கள். "நானே போறேன்" என்று கார் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். எங்கே போகிறோம் என்பது கடை வாசலில் புகையிலை வாசனை மூக்கில் ஏறியபோதுதான் உறைத்தது. நிகோடின் சூயிங்கம் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாள்.

கடையில் டெலிபோன் ஓயாமல் அடித்தது. முந்தின நாள் அமெரிக்க அரசு அறிவித்திருந்தது: ஐம்பத்து நான்கு வருட வர்த்தகத் தடையில் ஒரு கண்ணி தளர்கிறது, திங்கட்கிழமை முதல் அமெரிக்கர்கள் தங்கள் சொந்த உபயோகத்துக்கு எந்த நாட்டிலிருந்தும் கியூபா சுருட்டை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் டெட்ராய்ட். இத்தனை காலம் அங்கிருந்து சுரங்கப்பாதை வழியாக வந்து, இந்தக் கடையில் வாங்கி, கடைக்குப் பின்னால் கார் நிறுத்துமிடத்தில் மடக்கு நாற்காலி போட்டுப் பிடித்துவிட்டு, மிச்சத்தை லாக்கரில் பூட்டிவிட்டுப் போனவர்களுக்குத் திங்கட்கிழமை வரை இருப்புக் கொள்ளவில்லை.

"பூட்டு உடையல," என்றாள் கொலெட், பதினான்காம் கதவைத் தடவிப் பார்த்து. "சாவி யாருகிட்ட, சார்?"

"எங்கிட்ட ஒண்ணு." லூதருக்கு எழுபத்தொரு வயது. முப்பத்திரண்டு வருடம் கார் தொழிற்சாலையில் தகடு அடித்தவர். "கடையில ஒண்ணு, முதலாளி ஃபாரிஸோட தகரப் பெட்டில. எல்லா லாக்கருக்கும் அப்படித்தான்."

"உங்க சாவியை யாருக்காவது குடுத்தீங்களா?"

"என் பொண்டாட்டிக்கே குடுத்ததில்ல."

"கடைசியா பெட்டியைப் பார்த்தது?"

"போன சனிக்கிழமை. கம்பிவலைதானே, வெளியிலிருந்தே தெரியும்."

"பதிமூணு வருஷமா திறக்கவே இல்லையா?"

"எங்க செக்ஷன்ல நாங்க ஒம்பது பேர், மேடம். ரிட்டயர் ஆனப்போ வாங்கினேன். என் அம்பதாவது கல்யாண நாளன்னிக்கு, என் வீட்டு வாசல்ல உட்கார்ந்து எல்லாருமா பிடிக்கணும்னு. வர்ற நவம்பர் பன்னெண்டு. அவங்க யாருகிட்டயும் பாஸ்போர்ட் கிடையாது. இங்க வரவும் முடியாது, நான் அங்க கொண்டு போகவும் முடியாது. எப்படியாவது சட்டம் மாறும்னு இருந்தேன்." அவர் காலியான தட்டைப் பார்த்தார். "மூணு பேர் போய்ச் சேர்ந்துட்டாங்க. அஞ்சு பேர் இருக்காங்க. நேத்து ராத்திரி அஞ்சு பேருக்கும் போன் போட்டு, தேதியை எழுதிவெச்சுக்கோங்கன்னு சொல்லிட்டேன்."

கொலெட் எழுதிக்கொண்டாள். கை சும்மா இருந்தால் சிகரெட் ஞாபகம் வந்தது. அதனால் கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணினாள். லாக்கர் முப்பது. கூரையில் விளக்கு ஆறு. பதினைந்தாம் லாக்கரில் பெட்டிகள் ஏழு, அதில் இரண்டு கண்ணாடிப் பேழைக்குள் இருந்தன.

"இது யாரோடது?"

"டாக்டர் ஆஷ்டௌன். பல் டாக்டர்." பதில் சொன்னவள் நெவேனா; சுருட்டு காய்ந்துவிடாமல் லாக்கர்களை வைத்திருக்கும் இந்த ஈரப்பத அறையைப் பார்த்துக்கொள்பவள், முப்பத்து நான்கு வயது செர்பியப் பெண். "அந்த ரெண்டு பேழையும் எங்க பாஸ் காரை விட விலை."

"அதைத் தொடல. இதை மட்டும் எடுத்திருக்கான். ஏன்?"

கொலெட் கேள்வியைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

3.05.

"நேத்து சாயந்திரம் ஆறு மணிக்கு நான் ஈரப்பதம் பார்க்க ரவுண்ட் வந்தேன். பெட்டி இருந்துச்சு," என்றாள் நெவேனா. "ஆறரைக்கு நான்தான் கடையைப் பூட்டினேன். காலையில ஒம்பதுக்கு பாஸ் திறந்தாரு. நான் ஒம்பதரைக்கு வந்தேன். அப்புறம் போன், போன், போன். இந்த அறைக்குள்ள நுழையவே நேரமில்ல."

"சனிக்கிழமை எப்பவும் அவர்தான் திறப்பாரா?"

"வழக்கமா நான். இன்னிக்குக் கூட்டமா இருக்கும்னு அவரே வந்திருப்பாரு."

"எவ்வளவு நாளா வேலை பார்க்கிற?"

"ரெண்டு வருஷம்."

"ஏப்ரன் பாக்கெட்ல என்ன?"

நெவேனா ஏப்ரனுக்குள் கையை விட்டாள். பாக்கெட்டிலிருந்து ஒரு கைப்பிடி காகிதப் பட்டைகளை எடுத்துப் போட்டாள். சுருட்டின் இடுப்பில் சுற்றியிருக்கும் தங்கநிறப் பட்டைகள். கொலெட் எண்ணினாள். பன்னிரண்டு.

"இது பால்மா ரியால் இல்ல, வேற. டாக்டர் பிச்சுட்டுக் குப்பையில போடச் சொன்னாரு. சத்தியமா."

"சரி, நம்பறேன். பால்மா ரியால் எப்படி இருக்கும், காட்டு."

நெவேனா கடையின் அலமாரியிலிருந்து ஒன்றை இறக்கினாள். "இதே பெட்டிதான். இந்த ரகம் மாசம் ஒண்ணு போகும். போன வாரம்தான் அஞ்சு பெட்டி அடுக்கினேன், இன்னும் ஒண்ணுகூடப் போகல. அடியில பாருங்க, செஞ்ச மாசமும் வருஷமும் சூடு போட்டு அச்சு குத்தியிருப்பாங்க. மூடி மேல பச்சை முத்திரைத் தாள். ஓரத்துல மினுமினுன்னு ஒரு பட்டை இருக்கு பாருங்க, அது போலியைத் தடுக்க. 2010க்கு முன்னாடி வந்த பெட்டியில அந்த மினுக்குப் பட்டை கிடையாது, வெறும் பச்சைத்தாள்தான்."

கொலெட் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள். வாசனை தொண்டை வரை இறங்கியது. இன்னொரு சூயிங்கம்.

"நேத்து செய்தி வந்ததும் என்ன நடந்துச்சு?"

"நான்தான் எல்லா மெம்பருக்கும் மெயில் போட்டேன். திங்கட்கிழமை காலையில பெட்டிகளை வெளிய எடுத்து, ரசீது போட்டுத் தருவோம்னு. பேப்பர்காரங்களையும் வரச் சொல்லியிருந்தேன். முதல் பெட்டி லூதர் சாரோடது, கையில பிடிச்சு நெருக்கமா ஒரு போட்டோ. பாஸ் சந்தோஷப்படுவாருன்னு நெனச்சேன்."

"படலையா?"

"ஒண்ணும் சொல்லல. 'எங்கிட்ட கேட்டிருக்கலாம்'னு மட்டும் சொன்னாரு."

3.30.

டாக்டர் கிராண்ட் ஆஷ்டௌன் பின்பக்கக் கார் நிறுத்துமிடத்தில், ஆற்றுக்காற்றில் கழுத்துத்துணி பறக்க, சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். கொலெட் காற்றுக்கு எதிர்ப்பக்கம் நின்றாள்.

"காலையில எத்தனை மணிக்கு வந்தீங்க?"

"பத்து. பன்னெண்டு வரைக்கும் உள்ள இருந்தேன். அப்புறம் இங்கதான்."

"பதினாலாம் லாக்கர்ல பெட்டி இருந்துச்சா?"

"பக்கத்து லாக்கரை நான் எதுக்குப் பார்க்கணும்? என் பெட்டியை விட்டு என் கண்ணு நகராது."

"பையைத் திறங்க."

பையில் ஹோண்டுராஸ் சுருட்டுப் பெட்டி ஒன்று. அதற்குள் ஹோண்டுராஸ் சுருட்டு பதின்மூன்று. பட்டை இல்லாத சுருட்டு பன்னிரண்டு.

"ஓ, கண்டுபிடிச்சுட்டீங்க," என்று சிரித்தார் டாக்டர். "கியூபா சுருட்டைப் பட்டை பிச்சு ஹோண்டுராஸ்னு காட்டறது கனடாவுல குத்தமில்லையே, மேடம்? குத்தமெல்லாம் ஆத்துக்கு அந்தப் பக்கம்."

"திங்கட்கிழமை சட்டப்படியே கொண்டு போகலாமே. ரெண்டு நாள் பொறுக்க முடியலையா?"

"பழக்கமாயிடுச்சு. மெம்பராகி மூணு வருஷம், வாரம் ஒரு டஜன். நான் மட்டுமா? இந்த முப்பது லாக்கர்ல இருபத்தொம்பது பேரும் இப்படித்தான். ஒரு சுருட்டுகூட அந்தப் பக்கம் கொண்டு போகாத ஆள் ஒரே ஒருத்தர். எத்தனை கேலி பண்ணியிருப்போம்! இந்தக் குளிர்ல, இந்த நாற்காலியில உட்கார்ந்து முழுசாப் பிடிச்சு முடிச்சுட்டு, கையைக் கழுவிட்டுத்தான் காரெடுப்பாரு."

"லூதர்."

"லூதர். அவர் பெட்டியைப் போய் எடுத்திருக்கான் பாருங்க, யாரோ ஒரு படுபாவி."

3.50.

கடை முதலாளி ஃபாரிஸ் சிடியாக்குக்கு அறுபது இருக்கும். பெய்ரூட்டிலிருந்து வந்து நாற்பது வருடம். மேசை மேல் இரண்டு சின்னக் கோப்பையில் ஏலக்காய் போட்ட காபி, அவருடையது ஆறிப்போயிருந்தது.

"உட்காருங்க மேடம். காபி சாப்பிடுங்க. என் கடையில இப்படி ஒரு அசிங்கம் நடந்ததே இல்ல."

கொலெட் உட்காரவில்லை. சின்ன அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். "சாவிப் பெட்டி?"

"இதோ. என் மேசை டிராயர்ல. பூட்டியிருக்கு. நெவேனாவுக்கும் சாவி உண்டு, அவ வர்றதுக்கு முன்னாடி எங்கிட்ட மட்டும்தான். நல்ல பொண்ணுதான். ஆனா... எனக்கு அவ மேல சந்தேகம்னு சொல்ல மாட்டேன்."

"சொல்லிட்டீங்களே."

ஃபாரிஸ் காபியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுவரில் சட்டம் போட்ட படம். ஏரிக்கரைத் தோட்டம், மாலைபோட்ட மேசைகள், கோட்டு சூட்டில் பத்திருபது ஆண்கள், ஆளுக்கொரு சுருட்டு. ஓரத்தில் கைத்தடியோடு லூதர், கண்ணை மூடிப் புகையை ரசித்துக்கொண்டு.

"யார் கல்யாணம்?"

"என் மக கல்யாணம். 2011 ஆகஸ்ட். சம்பந்தி வீடு மாண்ட்ரியல், பெரிய இடம். லூதர் அப்பத்தான் இடுப்பு ஆபரேஷன் முடிஞ்சு நாலு மாசம் கழிச்சு முதல் தடவையா ஆத்தைத் தாண்டி வந்தாரு. என் சொந்த அண்ணன் மாதிரி அவரு."

"காலையில நீங்க திறந்தப்போ பெட்டி இருந்துச்சா?"

"நான் கவனிக்கல மேடம். போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு."

4.15.

லூதர் இன்னும் அதே ஸ்டூலில் இருந்தார். நெவேனா கொடுத்த தண்ணீர் தொடாமல் கிடந்தது.

"உங்ககிட்ட பெட்டியோட போட்டோ இருக்கா, சார்?"

"வருஷா வருஷம் எடுப்பேன். கல்யாண நாளுக்கு." கைப்பேசியை நீட்டினார். "பொண்டாட்டி சிரிப்பா. 'எம்மூஞ்சியை விட அந்தப் பெட்டியைத்தான் அதிகமா போட்டோ பிடிச்சிருக்கீங்க'ம்பா."

கொலெட் விரலால் தள்ளினாள். 2008. 2009. 2010. கம்பிவலைக்குப் பின்னால் அதே பெட்டி, அதே பச்சைத்தாள். 2011 நவம்பர். 2012. 2013.

"இதுல ஒரு வெளிச்சம் அடிக்குதே, மூடி ஓரத்துல."

"பிளாஷ் வெளிச்சம். எனக்கு நல்லா எடுக்க வராது. எப்பவும் அந்த மூலையில ஒரு பளபளப்பு விழுந்துடும்."

"எப்பவுமா?"

அவள் பின்னோக்கித் தள்ளினாள். 2010-ல் பிளாஷ் இருந்தது. கம்பிவலை பளிச்சென்று தெரிந்தது. பெட்டியில் பளபளப்பு இல்லை. 2009-லும் இல்லை. 2008-லும் இல்லை. 2011-லிருந்து ஐந்து படத்திலும், அதே மூலையில், அதே அளவில்.

கால் ஆடுவது நின்றது. அன்று காலையிலிருந்து முதல் தடவையாக.

"இதைக் கொஞ்சம் பெரிசாக்கறேன் சார்." 2015-ன் படத்தில், பெட்டியின் இடது கீழ்முனையில் ஒரு சின்னச் சில்லு பெயர்ந்திருந்தது, பக்கத்தில் மரப்பிசின் கசிந்து காய்ந்த ஒரு பொட்டு.

அவள் கடைப் பக்கம் போனாள். அலமாரி முன்னால் நின்று, பால்மா ரியால் பெட்டிகளை விரலால் தொட்டு எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

ஆறு.

4.40.

"எல்லாரும் உள்ள வாங்க," என்றாள். "டாக்டர், அதை அணைச்சுட்டு வாங்க. என் பொறுமைக்கும் ஒரு அளவு இருக்கு."

ஈரப்பத அறையில் மூன்று பேரும் நின்றார்கள். லூதர் மட்டும் உட்கார்ந்திருந்தார். கொலெட் கையில் ஒரு பெட்டி.

"கடையில அஞ்சு பெட்டி இருக்கணும். ஆறு இருந்துச்சு. அஞ்சுல விலைச் சீட்டு ஒட்டியிருக்கு, இதுல இல்ல. இடது முனையில சில்லு, பக்கத்துல பிசின். போன வருஷம் லூதர் சார் எடுத்த போட்டோவுல இதே சில்லு, இதே பிசின். பதினாலாம் லாக்கர்ல இருந்த பெட்டி இதுதான்."

"அட, கிடைச்சிடுச்சா!" என்று லூதர் எழுந்தார்.

"உட்காருங்க சார். இது லாக்கர்ல இருந்த பெட்டி. ஆனா நீங்க வாங்கின பெட்டி இல்ல."

பெட்டியைத் திருப்பி அடியைக் காட்டினாள். ஏப்ரல் 2011 என்று குத்தியிருந்தது.

"நீங்க வாங்கினது 2003-ல. உங்க போட்டோவுல விழுந்த பளபளப்பு பிளாஷ் கோளாறு இல்ல, முத்திரைத் தாளோட மினுக்குப் பட்டை. 2010 நவம்பர் போட்டோவுல அது இல்ல, 2011 நவம்பர்ல இருக்கு. நடுவுலதான் மாத்தியிருக்காங்க. நீங்க ஆபரேஷனுக்குப் போய் வராம இருந்தீங்களே, அந்த வருஷம். இன்னிக்கு நடந்தது திருட்டே இல்ல. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நடந்த திருட்டை மறைக்கிற வேலை."

டாக்டர் வாயைத் திறந்தார்.

"நீங்க மெம்பராகி மூணு வருஷம். நெவேனா வந்து ரெண்டு வருஷம். 2011-ல அந்தத் தகரப் பெட்டிச் சாவி ஒருத்தர்கிட்டதான் இருந்துச்சு." அவள் ஃபாரிஸ் பக்கம் திரும்பினாள். "பக்கத்து லாக்கர்ல உங்க காரை விட விலையான சரக்கு இருந்தும் ஏன் இதைத் தொட்டாங்கன்னு முதல்லயே கேட்டேன். மத்த இருபத்தொம்பது பேரும் என்னிக்காவது பெட்டியை உடைச்சு, பட்டையைப் பிச்சு, பையில போட்டு எடுத்துட்டுப் போயிடுவாங்க. எடுத்தா உடனே தெரிஞ்சிடும். தடை இருக்குற வரைக்கும் பெட்டியை இந்த அறையை விட்டு வெளிய கொண்டு போகாத ஒரே மனுஷன் இவரு. அதனாலதான் இவரைத் தேர்ந்தெடுத்தீங்க, மிஸ்டர் சிடியாக். நேத்து சட்டம் மாறிடுச்சு. திங்கட்கிழமை போட்டோக்காரன் நெருக்கமா படம் எடுப்பான், சுருட்டு தெரிஞ்ச எவன் பார்த்தாலும் 2003 பெட்டியில எப்படி மினுக்குப் பட்டைன்னு கேப்பான். அதனால இன்னிக்கு நீங்களே வந்து கடையைத் திறந்து, பெட்டியை எடுத்து, அதே மாதிரிப் பெட்டிகளோட அடுக்கிட்டீங்க."

டெலிபோன் அடித்தது. யாரும் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது.

"திருடணும்னு எடுக்கல," என்றார் ஃபாரிஸ். தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "கல்யாணத்துக்குன்னு சொல்லி வெச்ச பழைய சரக்கு வரல. ஒரு வாரம்தான் இருந்துச்சு. சம்பந்தி சுருட்டுன்னா உயிரை விடுற மனுஷன், புதுசை நீட்டினா சிரிச்சிருப்பான். சுருட்டு ஊற ஊறத்தான் ருசி. எட்டு வருஷம் ஊறினது... இந்தக் கடையிலேயே அது ஒண்ணுதான் இருந்துச்சு. நீங்க திரும்பக் கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே புதுப் பெட்டி வாங்கி வெச்சுட்டேன், லூதர். அதே ரகம். ஒரிஜினல். ஒண்ணுகூடக் குறையல."

"எங்கிட்ட கேட்டிருக்கலாமே," என்றார் லூதர்.

"கேட்டா குடுத்திருப்பீங்க. அதான் கேக்க முடியல."

லூதர் கைத்தடியை எடுத்துத் தரையில் ஊன்றிக்கொண்டார். பிறகு மெல்லக் கேட்டார்: "அன்னிக்குத் தோட்டத்துல எனக்கும் ஒண்ணு குடுத்தியே. நீயே பத்த வெச்சுக் குடுத்தே."

ஃபாரிஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

"நான் என்ன சொன்னேன்? ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"சொல்லு."

"'என் பெட்டியும் இந்த மாதிரி ஊறியிருந்தாப் போதும்ப்பா'ன்னு சொன்னீங்க."

நெவேனா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். டாக்டர் தன் லாக்கரைப் பார்த்தபடி நின்றார்.

கொலெட் தொண்டையைச் செருமினாள். "சார், இது உங்க முடிவு. புகார் எழுதிக் குடுத்தா வழக்காகும். ஆனா வழக்குன்னா இந்தப் பெட்டி சாட்சிப் பொருள். ஸ்டேஷன்ல இருக்கும். திங்கட்கிழமையும் கிடைக்காது, நவம்பர் பன்னெண்டுக்கும் கிடைக்காது. புகார் வேண்டாம்னா இப்பவே கையில தந்துடறேன்."

"லூதர்," என்றார் ஃபாரிஸ். "இந்தப் பெட்டியையும் எடுத்துக்கோங்க. இன்னும் பத்துப் பெட்டி தரேன். உங்க வாசல்ல கொண்டாந்து வெக்கிறேன். இருபது வருஷம் பழகியிருக்கோம்."

லூதர் பெட்டியை வாங்கினார். மடியில் வைத்துக்கொண்டு, அந்த மினுக்குப் பட்டையைக் கட்டைவிரலால் தேய்த்தார். விளக்கில் அது நிறம் மாறியது.

"அந்தச் சட்டம் எனக்குப் பிடிக்கவே இல்ல, ஃபாரிஸ். முட்டாள்தனம்னுதான் நெனச்சேன். இருந்தும் பதிமூணு வருஷம் அதுக்கு அடங்கி நடந்தேன். மழையில, பனியில, அந்தக் கார் நிறுத்துற இடத்துல உட்கார்ந்தேன். நீ ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டுத்தானே இருந்தே?" பெட்டியைக் கொலெட்டிடம் நீட்டினார். "எழுதுங்க மேடம். எங்க கையெழுத்துப் போடணும்?"

5.25.

கொலெட் அவரைக் கார் வரை கொண்டுபோய் விட்டாள். காற்று இன்னும் வீசிக்கொண்டிருந்தது. எதிர்க்கரையில் டெட்ராய்டின் கட்டிடங்களில் ஒவ்வொன்றாக விளக்கு ஏறியது.

"அஞ்சு பேருக்கும் என்ன சொல்வீங்க?"

"வரச் சொல்லிட்டேன், வரட்டும். சாப்பாடு இருக்கு, பாட்டு இருக்கு." கதவைத் திறந்து, முதலில் கைத்தடியை உள்ளே வைத்தார். "சுரங்கப்பாதை முடியிற இடத்துல ஒரு அதிகாரி உட்கார்ந்திருப்பாரு. வாராவாரம் ஒரே கேள்வி. 'அந்தப் பக்கத்துலேர்ந்து ஏதாவது கொண்டு வர்றீங்களா?' நானும் வாராவாரம் 'ஒண்ணுமில்ல'ம்பேன். அவரு என்னை நம்பினதே இல்ல. எப்பவும் டிக்கியைத் திறந்து பார்ப்பாரு."

"இன்னிக்கும் பார்ப்பாரா?"

"பார்க்கட்டும்," என்றார் லூதர், எஞ்சினைக் கிளப்பி. "நல்லாப் பார்க்கட்டும்."